திரையில் தெரிந்தது ரிசப்ஷன்

ஒன்றுமே தெரியாதவனால் உலகத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. பாதி தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் பதவியில் உட்கார்ந்திருப்பவன்தான் வில்லங்கம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அந்தப் பதவிக்கு மேனேஜர் என்று பெயர். வகித்தது நான்.

பட்டறைக்குப் புது போன் சிஸ்டம் மாட்ட வந்தவர் பவ்யமாகக் கேட்டார்: "ரிசப்ஷன்ல இருந்து உங்களுக்குப் போன் காலை மாத்தி விட்டா, டிஸ்ப்ளேல வெளிய இருந்து கூப்பிடறவங்க நம்பர் வரணுங்களா, மாத்தி விடறவங்க பேர் வரணுங்களா?"

"மாத்தி விடறவங்க பேர்தான். யாரு என் தலையில கட்டறாங்கன்னு தெரிய வேண்டாமா?" என்றேன். (நிர்வாகத் திறமை!) அவர் பார்வையில் இருந்தது பரிதாபம். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அதே வாரம் ராசிபுரத்தில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பெண்ணின் அப்பா நெய் வியாபாரி. கொடுத்த கேசரியில் ரவையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நான் கையை ரகசியமாக நாற்காலியின் அடியில் துடைத்ததைப் பெண், கவிதா, பார்த்துவிட்டாள், பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நான் காலி. இந்த இடமும் கைவிட்டுப் போனால் சாமியாராகிவிடுவது என்று முடிவெடுத்து, பெண் வீட்டாரின் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இது எனக்கும் தெரியும். இருந்தும், மேசை போன் அடித்து, திரையில் 'ரிசப்ஷன்' என்று மின்னியபோது, பேசப்போவது ரிசப்ஷனில் உட்காரும் ஸ்டெல்லாதான் என்று எடுத்தேன். ராசிபுரம் போன கதையை அந்தப் பெண் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கதையா கேக்கற ஸ்டெல்லா? பொண்ணு தங்கம். ஆனா அந்தக் கேசரி இருக்குதே, நம்ம பட்டறைல இருக்கற அத்தனை வண்டிக்கும் கிரீஸ் அடிக்கலாம்!"

 மறுமுனையில் ஓர் ஆண்குரல், மிக மரியாதையாக:

"கேசரி நாந்தானுங்க கிண்டுனேன்."

(அப்போதே போனை வைத்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கே முடிந்திருக்கும்.) ஆனால் மூளை வேலை செய்தது. என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தாரே! "ஒரு நிமிசமுங்க, எங்க முதலாளிகிட்டப் பேசுங்க" என்று உளறி, முதலாளிக்கு மாற்றிவிட்டு போனை வைத்தேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. முதலாளியின் திரையில் இப்போது மின்னுவது என் பெயர்.

முதலாளி பேசுவதைக் கேட்கப் போன் தேவையில்லை. கண்ணாடித் தடுப்பைத் தாண்டி, தகரம் தட்டும் சத்தத்தையும் தாண்டி வந்தது குரல். "இன்னைக்கு என்னத்தக் கெடுத்து வெச்சப்பா? அளவெடுக்காம அடிச்ச பின்கதவே இன்னும் சேரல. உன்னை நம்பிப் பொண்ணு குடுக்கப் போறாங்களே, அந்த ஊட்டுக்காரங்க பாவம் சாமி!"

சிறிது நேரம் கழித்து அவர் எழுந்து நின்றார். "ஏனுங்க... நீங்களுங்களா?"

ஸ்டெல்லா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்காகத்தான்.

சாயங்காலம் என் கைப்பேசி அடித்தது. இந்த முறை உண்மையான ராசிபுரம் நம்பர். எடுத்தேன்.

"மாப்பிள்ளைங்களா?" என்றார் நெய்க்காரர்.  அவரே தொடர்ந்தார்: "உங்களப் பத்தி விசாரிச்ச எடத்துல எல்லாம் சொக்கத் தங்கம்னாங்க. அதான் எனக்குப் பயமா இருந்துதுங்க. இன்னைக்குத்தான் உண்மையைக் கேட்டேன், நம்பிக்கை வந்துது. புள்ளையும் சரின்னுட்டா. கேசரி மேட்டரைச் சொன்னதும் உழுந்து உழுந்து சிரிச்சா."

இன்று கவிதாவின் கைப்பேசியில் என் பெயர் 'ரிசப்ஷன்'. மாமனார் எப்போது கூப்பிட்டாலும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவசரமாக அறிவித்துவிடுவார்:

"மாப்பிள்ளை, நாந்தானுங்க, கேசரி. இனிப் பாத்துப் பேசுங்க."