கத்தரிக்கோல் நடந்த தூரம்

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதிக்கொண்டது.

"இங்கு யாவரும் நலம்" என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். நேற்று மதியத்திலிருந்து அதை எழுதக் கை வரவில்லை. அங்கே உன் மனைவி, பிள்ளைகள் சுகந்தானே?

போன மாதம் மகள் எனக்கு ஒரு கைக்கடிகாரம் கட்டிவிட்டாளே, நடக்கிற அடிகளை எண்ணுமே, அது தினமும் சலூனை மூடும்போது பதினெட்டாயிரம் என்று காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் திமிரில்தான் உனக்குப் போன் போட்டு, "நாள் முழுக்க நின்னு முடி வெட்டுற நமக்கு எதுக்குடா வாக்கிங்? நிறுத்துடா"ன்னு சொன்னேன். அப்பா ஐம்பத்தாறு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனதை மறந்தே போனேன்.

நேற்று மகள் என்னையும் உன் அண்ணியையும் இதயப் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். டிரெட்மில்லில் ஏற்றினார்கள். ஐயோ, மூன்றாவது நிமிடமே நாக்குத் தள்ளி, நர்ஸம்மா தோளைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். "தினம் பதினெட்டாயிரம் அடி நடக்கிறேன் டாக்டர், உங்க மெஷின்தான் கோளாறு" என்றேன். டாக்டர் கடிகாரம் கட்டிய என் வலது மணிக்கட்டையே பார்த்தார். "எந்தக் கையில வெட்டுவீங்க?" என்றார். இதே கைதான்! நடந்தது நானில்லையடா, கத்தரிக்கோல்!

"நின்னா கால்தான் வலிக்கும், இதயத்துக்கு வேலை இல்ல. லேசா மூச்சு வாங்குற மாதிரி தினம் அரை மணி நேரம் வேகமா நடங்க. பலமான இதயம்னா, நடையை நிறுத்தினதும் படபடப்பு சீக்கிரம் அடங்கிடும். உங்களுது இன்னும் அடங்கல பாருங்க" என்றார். அடுத்து உன் அண்ணி ஏறினாள். துணி மூட்டையோடு தினமும் மூன்று மாடி ஏறுகிறவள், ஒன்பது நிமிடம் நடந்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு அடைப்பு இல்லையாம், பலம்தான் இல்லையாம். ஆனால் உன்னை நினைத்தால் ஈரக்குலை நடுங்குகிறது. என் பேச்சைக் கேட்டு வாக்கிங்கை நிறுத்தியிருப்பாயே, பாவி நான்! போனில் சொல்ல வெட்கம், அதனால்தான் கடிதம். இது கிடைத்த நிமிடமே செருப்பை மாட்டு.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உனக்கு நூறு வயது.

இப்படிக்கு,
நடக்காமலே நடந்த அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் மனைவி போன் செய்தாள். உன்னைக் கேட்டேன். "வாக்கிங் போயிருக்காரு மாமா. ஒரு நாளும் நிறுத்தலையே. 'அண்ணன் சொன்னா சரின்னு சொல்லிடணும், செய்யணும்னு இல்ல'ன்னு சிரிப்பாரு" என்றாள். டேய், நாற்பது வருஷமாக இதுதானா நடக்கிறது? நேற்றைய அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சலூன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான். இனிமேலும் என் பேச்சைக் கேட்காமலே நல்லா இருடா.