சீனாவுக்குப் போற வழியில என் கிளாஸ்

உலகத்துல வாத்தியார்களுக்குப் பஞ்சமே இல்ல. ஆனா பக்கத்து கிளாஸைப் பாலைவனமாக்கிப் பாடம் நடத்துன ஒரே மனுஷன் எங்க காத்து சார்தான். அந்தப் பாலைவனம் என்னோட கணக்கு கிளாஸ்.

தொண்ணூறுகள்ல, பெங்களூர் லிங்கராஜபுரத்துல ஒரு சின்னத் தமிழ் ஸ்கூல். சமூக அறிவியலுக்கு வந்த டெம்பரவரி வாத்தியார் அவர். வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வருவார். பாடத்துல காகிதக் கப்பல் ஓட்ட அதுதான் அவருக்குப் பருவக்காத்து. அதனால பிள்ளைங்க 'காத்து சார்'னே பேர் வெச்சுட்டாங்க.

ஒரு வியாழக்கிழமை நான் போர்டுல கணக்கு போட்டுட்டு இருக்கேன். அவரோட ஏழாங்கிளாஸ் பிள்ளைங்க பத்துப் பேர் பின்கதவு வழியா வர்றாங்க, என் பானையில ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிறாங்க, முன்கதவு வழியாப் போறாங்க.

"ஏய், எங்கடா போறீங்க?"

"சீனாவுக்கு சார். எங்க கிளாஸ்ல பெஞ்ச் அடுக்கி இமயமலை கட்டியாச்சு, ஏற முடியல. பௌத்தம் சுத்திதான் போகணுமாம். உங்க கிளாஸ் பாலைவனம், பானைதான் ஊத்து. தண்ணி இருக்கிற இடத்துலதானே வியாபாரி தங்குவான், பிக்கு மடம் கட்டுவாரு?"

ஒருத்தன் நிஜமாவே பானை பக்கத்துல மடம் கட்ட உட்கார்ந்துட்டான்!

எனக்கு வந்துச்சே கோவம்! நேரா அவர்கிட்ட போய்க் கத்தினேன். "ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார். நீங்க இல்லாம பௌத்தம் சீனா போய்ச் சேராது"ங்கறார். இன்னும் மூணு வியாழக்கிழமை பொறுத்துப் பார்த்து, ஹெட்மிஸ்கிட்ட எழுதியே குடுத்துட்டேன்.

அவங்க என்னையும் கூட்டிக்கிட்டு அவர் கிளாஸுக்குக் கிளம்பினாங்க. "பிள்ளைங்க ஒழுங்கா பதில் சொல்லலேன்னா, திங்கக்கிழமையிலிருந்து அவர் வர வேணாம்"னாங்க. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. வேலைக்கே உலை வைக்கணும்னா நான் நினைச்சேன்?

உள்ள போனா, கரண்ட் கட். தகர டப்புல தண்ணி, அதோட எதிர்க்கரையோரமா காகிதக் கப்பலுங்க, சுத்தாத ஃபேன். பிள்ளைங்க சாக்பீஸ் அடுக்கி விளையாடிட்டு இருக்காங்க. காத்து சார் முகத்துல ஈயாடல.

"என்னம்மா இதெல்லாம்?" முன்வரிசையில இருந்த செல்வியைக் கேட்டாங்க ஹெட்மிஸ்.

"கப்பல் ஜாவாவுக்கு வந்துடுச்சு மிஸ். ஊர் திரும்பக் காத்து திசை மாறி அடிக்கணும். மாசக்கணக்கா ஆகும்."

"அதுவரைக்கும்?"

"சும்மா உட்கார முடியுமா மிஸ்? இங்கயே தங்கிட்டோம். எங்ககூட எங்க சாமியும் வந்துச்சு, அதான் கோயில் கட்டுறோம். அந்தப் பக்கம் அவங்க புத்த விகாரை கட்டுறாங்க."

ஹெட்மிஸ் டப் பக்கத்துல குனிஞ்சாங்க. ஒரு சாக்பீஸை எடுத்துக் கோபுரத்து மேல வெச்சாங்க. "கரண்ட் வந்ததும் சொல்லி அனுப்புங்க சார். கப்பல் திரும்புறதையும் பார்க்கணும்"னு சொல்லிட்டுப் போனாங்க. அப்பாடான்னு நான் சுவத்துல சாஞ்சுட்டேன்.

எழுதிக் குடுத்தது நான்தான்னு அவருக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த வியாழக்கிழமை கதவு பக்கம் தலையை நீட்டி, "இன்னிக்கு வரலாமா சார்?"னார். நான் பானையை ரொப்பி, ரெண்டு டம்ளர் சேர்த்து வெச்சிருந்தேன்.

அவர் வேற ஊர் போய் வருஷக்கணக்காச்சு. மனசு இன்னும் அவரைத் தேடுது. வியாழக்கிழமையானா பானையைக் கதவோரம் நகர்த்தி வெச்சுட்டுத்தான் நான் கணக்கே ஆரம்பிக்கிறேன்.