மெர்லினின் மிஷினைத் திருப்பி அனுப்புவது குறித்து

ராயப்பன்பட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் ஆல்பர்ட் அவர்களுக்குச் சின்னப்பராஜ் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் பெங்களூரில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் சுகம் என்று எழுத ஆசைதான். நீங்கள் வாங்கி அனுப்பிய மிஷின் விடவில்லை.

மெர்லின் டவுன் சிண்ட்ரோம் பிள்ளை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகும் முழுசாகச் சரியாகவில்லை. "எவ்வளவு நேரம் நிக்குது?" என்று மதுரை டாக்டர் கேட்டபோது, "ஒரு அருள் நிறைந்த மரியே, சளி பிடித்தால் ஒன்றரை" என்றேன். ஒன்பது வருடமாக அவள் பக்கத்தில் படுத்து அப்படித்தான் எண்ணுகிறேன். அவர் செபத்தைச் சொல்லச் சொல்லி செல்போனில் நேரம் பார்த்தார். பாதியில் நர்ஸம்மாவும் சேர்ந்துகொண்டார். பதினாறு செகண்டு. டாக்டர் முகம் மாறிவிட்டது. ஒரு ராத்திரி முழுக்க ஒயர் மாட்டிப் பார்த்து, மூக்கில் காற்று ஊதும் இந்த மிஷினை எழுதிக் கொடுத்தார்.

அது வந்த நாளிலிருந்து பிள்ளை சத்தமில்லாமல் தூங்குகிறாள், அதில் குறையில்லை. ஆனால் மச்சான், அறையில் வேறு எதுவோ மூச்சுவிடுகிறது. யாரையோ கழுத்தை நெரிப்பதுபோல் ஒரு சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு கிணற்றில் முங்கியவன் மேலே வருவதுபோல் ஒரு இழுப்பு. உங்கள் தங்கச்சி பிலோமினா கேட்டிருக்கிறாள். அடுத்த வீட்டுச் சுருளிராஜன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டுவிட்டு, "ஏப்பா, முந்தி அந்த மிஷினை வச்சிருந்தவக போய்ச் சேந்துட்டாகளா?" என்கிறார். சீல் உடைக்காத பெட்டியில்தான் வந்தது. அதுதான் எனக்குச் சந்தேகம். பெரிய வேதனை, எனக்கு மட்டும் கேட்பதில்லை. மூன்று ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருந்தேன், ஒரு சத்தமில்லை. கண் அசந்தால் போதும், ஆரம்பித்துவிடுகிறதாம். பங்குச்சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அந்த நிம்மதியில் நான் அடித்துப் போட்டதுபோல் தூங்க, அன்றைக்கு இரண்டு மடங்காம். "உங்க பக்கமிருந்துதான் வருது" என்கிறாள் பிலோமினா. மிஷினும் என் பக்கம்தானே இருக்கிறது!

நேற்று விடிகாலை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். திடுக்கிட்டு விழித்தேன். மெர்லினின் மாஸ்க் என் மூக்கைக் கவ்விக்கொண்டிருந்தது, காற்று உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளை வெறும் முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளை விட்டு என்னிடம் ஊர்ந்து வந்திருக்கிறது. எனக்கு வந்த பயத்தில் அதைப் பரணில் போட்டுவிட்டேன். பழையபடி நானே விழித்திருந்து எண்ணிக்கொள்வேன். திங்கட்கிழமை பார்சலில் வரும், கோபித்துக்கொள்ளக் கூடாது. அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடுங்கள்.

தங்கள் அன்பு மைத்துனன்,
சின்னப்பராஜ்

பின்குறிப்பு, சனிக்கிழமை: அண்ணே, பிலோமினா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்டக் குடுத்தாக. பார்சல் எதுவும் வராது. நேத்து இவக கண் அசந்ததும் மிஷினைப் பரண்லேருந்து எடுத்து பிள்ளைக்கு மாட்டிட்டேன். அந்தச் சத்தம் இவகதான். ஒம்பது வருசமா பிள்ளை மூச்சை எண்ணிக்கிட்டே தூங்காமக் கிடந்தாக. இப்பத்தான் தூங்குறாக, இவகளுக்கும் மூச்சு நிக்குதுன்னு இப்பத்தான் தெரியுது. சொன்னா சண்டைக்கு வாராக, நீங்க வந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு. அன்னைக்கு மாஸ்க் ஊர்ந்தெல்லாம் வரலண்ணே. மெர்லின்தான் கழட்டி அவக மூக்குல வச்சு அமுக்கிக்கிட்டு, "அப்பா, மூச்சு விடு, அப்பா"ன்னா. சீக்கிரம் வாங்க. நேத்து ராத்திரியும் கழட்டிட்டா.