மெல்லப் போ, கண்ணு

ஐந்து கிலோமீட்டர் பந்தயத்தில் மூன்று கிலோமீட்டர் முடிந்தபோது, மித்ரிக்கின் ஒட்டகம் ஸம்ஹா கடைசிக்கு முந்தின இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் வந்த ஒட்டகத்துக்குக் கால் சுளுக்கு.

"ஓடுடி, ஓடு, ஓடு, என் மானத்தைக் காப்பாத்து" என்று மித்ரிக் ரிமோட்டை வாயோடு ஒட்டிவைத்துக் கத்தினார். ஓட்டக்களத்தை ஒட்டிய சாலையில் நாற்பது வண்டிகள் ஒட்டகங்களோடு சேர்ந்து ஓடின. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒருவர் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தார். ரிமோட்டில் ஒரு பொத்தான் பேசுவதற்கு, இன்னொன்று சாட்டைக்கு. பேசினால் ஒட்டகத்தின் முதுகில் ஆளுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும் ரோபோவின் வயிற்றிலிருந்து குரல் வரவேண்டும். அழுத்தினால் அதன் கையிலிருக்கும் சாட்டை சுழலவேண்டும்.

"அழுத்தினா சுத்த மாட்டேங்குது, இத்ரீஸ். கையை எடுத்தா சுத்துது. இந்த எழவெடுத்த மிஷின் என்னைக் கேலி பண்ணுதா?"

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த இத்ரீஸ் சூடான்காரர். ஸம்ஹாவுக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர்தான். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். மித்ரிக்கை அவர் மகன் பெயரைச் சேர்த்து அபூ ஜாபிர் என்றுதான் கூப்பிடுவார். "சிக்னல் கொஞ்சம் தாமதமா வருதுன்னு மெக்கானிக் சொன்னாரு, அபூ ஜாபிர்."

"எவ்வளவு தாமதம்? போன வாரம் அழுத்தினது இந்த வாரம் வருதா?"

முன்னால் ஒரு வெள்ளை வண்டி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அதில் மித்ரிக்கின் மச்சான், அதாவது மனைவி ஹெஸ்ஸாவின் தம்பி ஃபைஹான், இருக்கையைச் சாய்த்துப்போட்டு கஹ்வா காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஒட்டகம் ரீமா இருபது கஜம் முன்னணியில் பாய்ந்துகொண்டிருந்தது. ஃபைஹான் எப்போதாவது ரிமோட்டை எடுத்து இரண்டு வார்த்தை சொல்வான், மறுபடியும் குவளையை எடுத்துக்கொள்வான்.

ரீமாதான் ஜெயித்தது. அந்த சீசனில் அது ஆறாவது தடவை.

"உன் குறை என்னன்னு சொல்லவா, மச்சான்?" என்றான் ஃபைஹான், ரீமாவின் கழுத்தில் வெற்றிக்கான குங்குமப்பூக் குழம்பைத் தடவிக்கொண்டே. "நீ ரொம்பக் கத்துற. ஒட்டகம் வீம்புக்காரி. ஓடுன்னா நிக்கும். நான் என்ன சொல்றேன் தெரியுமா? மெல்லப் போ கண்ணு, மெல்ல, ஒரு அவசரமும் இல்ல. அவ்வளவுதான்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் மூன்று பேர் போன மாதம் அதே வார்த்தைகளைச் சொல்லிப்பார்த்து, மூன்று பேருடைய ஒட்டகங்களும் மெல்லப் போய்ச் சேர்ந்தன. தங்களுக்கு ஃபைஹானின் குரல்வளம் இல்லை என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

மித்ரிக்குக்கு வயிறு எரிந்தது. இரண்டு ரோபோவும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. வாங்கிய கையோடு ஃபைஹான் வீட்டில் மச்பூஸ் சோறு சாப்பிட்டு, சார்ஜில் கிடந்த ரிமோட்டுகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒரே பொருள், ஒரே விலை. ஒன்று ஜெயிக்கிறது, இன்னொன்று ஊர்வலம் போகிறது. இத்தனைக்கும் ரோபோ இல்லாத நாள்களில், பயிற்சிக்கு இத்ரீஸ் ஏறி உட்கார்ந்தால் ஸம்ஹா பறக்கும்.

அந்த எரிச்சலில்தான் அவர் வாயை விட்டார். பதினொரு பேர் கூடியிருந்த மஜ்லிஸில், ஃபைஹான் மறுபடியும் "மெல்லப் போ கண்ணு" கதையை ஆரம்பித்தபோது எழுந்து நின்றார்.

"சீசனோட கடைசிப் பந்தயத்துல ஸம்ஹா உன் ரீமாவுக்குப் பின்னாடி வந்தா, அதை உன் கொட்டில்லயே கொண்டுவந்து கட்டிட்டுப் போயிடறேன். அப்புறம் அது உன் ஒட்டகம்."

"வேணாம் மச்சான், எதுக்கு" என்றான் ஃபைஹான் அன்பாக. அந்த அன்புதான் அவரைக் கெடுத்தது.

"சொன்னது சொன்னதுதான்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஹெஸ்ஸா கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஒட்டகத்தை ஓட்டறதுக்கும் அதே வாய். ஒட்டகத்தைத் தொலைக்கறதுக்கும் அதே வாய். கொஞ்சம் மூடி வச்சா என்ன ஆயிடும் உங்களுக்கு?"

அவர் கொட்டிலுக்குப் போனார். தாய் செத்து, கால் மடங்கிக் கிடந்த குட்டி ஸம்ஹாவுக்கு நான்கு மாதம் புட்டியில் பால் புகட்டியவர் அவர். மகன் ஜாபிரைக்கூட அவர் அப்படித் தூக்கி வைத்துக்கொண்டதில்லை என்று ஹெஸ்ஸா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். ஸம்ஹா அவருடைய தோளில் மோவாயை வைத்து அசைபோட்டது. இதை இன்னொருவன் கொட்டிலில் கட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவதை நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. இத்ரீஸ் பக்கத்தில் இருந்ததால் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனார்.

"என் சத்தம் அதுக்குக் கேக்கல. அதான் விஷயம்."

மெக்கானிக் ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டு, முழ நீளத்துக்கு ஒரு ஏரியல் மாட்டினான். "இனிமே காதுக்குள்ளயே உக்காந்து பேசின மாதிரி இருக்கும், பாருங்க."

வியாழக்கிழமைப் பந்தயத்தில் மித்ரிக் உயிரைக் கொடுத்துக் கத்தினார். சாட்டைப் பொத்தானைக் கட்டைவிரல் வீங்கும்வரை அழுத்தினார். ரீமா பேயைக் கண்டதுபோல் பாய்ந்து அந்தக் களத்தின் சாதனையையே முறியடித்தது. ஸம்ஹா பாதி வழியில் வேலியோரம் நின்று ஒரு செடியை மோந்து பார்த்தது.

"செடியை மோந்து பாக்குது, இத்ரீஸ்."

"ஆமா, அபூ ஜாபிர்."

"நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன். அது செடியை மோந்து பாக்குது."

அதுதான் அவர் உரக்கச் சொன்ன கடைசி வாக்கியம். மாலைக்குள் தொண்டை அடைத்துவிட்டது. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த மருத்துவர், பத்து நாள் வாயே திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கடைசிப் பந்தயத்துக்கு ஆறு நாள் இருந்தது. ஹெஸ்ஸா தேனைக் கொடுத்தாள், வெந்நீரைக் கொடுத்தாள், தன் கருத்தையும் விடாமல் கொடுத்தாள். தேனும் வெந்நீரும் பலிக்கவில்லை.

பந்தய நாள் காலையில், தொடங்கும் இடத்தில் ஒட்டகங்கள் நெருக்கியடித்து நின்றன. நாற்பது ரோபோக்களும் சோதனைக்காக ஒரே நேரத்தில் ஆளுக்கொரு குரலில் கத்த, யார் குரல் எதிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எழுந்த புழுதியில் மித்ரிக் ரிமோட்டுக்குள் பலமாகத் தும்மினார். ஸம்ஹா அசைபோட்டபடி நின்றது. பக்கத்தில் நின்ற ரீமா நான்கு காலும் தரையைவிட்டுக் கிளம்பத் துள்ளியது.

"பாத்தியா, என் பொண்ணோட சுறுசுறுப்பை" என்றான் ஃபைஹான். "நீ தும்மினதுக்கே இப்படி."

மித்ரிக்கால் பதில் சொல்ல முடியவில்லை. முறைக்க மட்டும் முறைத்தார்.

தடுப்புக் கயிறு உயர்ந்தது. ஒட்டகங்கள் பாய்ந்தன. மித்ரிக் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கட்டைவிரல் வீக்கமும் இன்னும் வடியவில்லை, சாட்டைப் பொத்தானைத் தொடவே முடியவில்லை. ஸம்ஹா வழக்கம்போலப் பின்வரிசையில் நடைபோட்டது. ஒரு கிலோமீட்டர் போனதும் அவர் ரிமோட்டை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஏதாவது பேசுங்க, அபூ ஜாபிர். கிசுகிசுன்னாவது பேசுங்க. உங்க ஒட்டகம் அது."

வேறு வழியில்லாமல், வெட்கத்தைவிட்டு, அவர் மச்சானின் மந்திரத்தையே சொன்னார். "மெல்லப் போ, கண்ணு. மெல்ல. ஒரு அவசரமும் இல்ல."

எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்த ரீமா அந்த சீசனிலேயே முதல் தடவையாக வேகத்தைக் குறைத்தது. ஒன்று முந்தியது, இரண்டு முந்தின, ஐந்து முந்தின. வெள்ளை வண்டியின் சன்னல் வழியாக முதலில் கஹ்வா குவளை வெளியே வந்து விழுந்தது. பிறகு ஃபைஹானின் தலை வந்தது. பிறகு இடுப்புவரைக்கும் ஃபைஹானே வந்தான். ரிமோட்டைக் கடிக்காத குறையாகக் கத்தினான். அவன் கத்துவதை யாரும் பார்த்ததில்லை. அவனுடைய டிரைவரே பயந்துபோய் வண்டியைக் கொஞ்சம் விலக்கி ஓட்டினான்.

"உங்க மச்சானுக்கு என்ன ஆச்சு?" என்றார் இத்ரீஸ்.

மித்ரிக் அதைப் பார்க்கவில்லை. அவர் ஸம்ஹாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் காதுகள் விறைத்தன. கழுத்து நீண்டது. முதுகிலிருந்த ரோபோவின் சாட்டை விர்ரென்று சுழன்றது.

"கை வைக்காமலே சுத்துது, இத்ரீஸ்" என்று கிசுகிசுத்தார்.

"சிக்னல் தாமதம்தான். சீசன் பூரா நீங்க அழுத்தினதெல்லாம் இப்ப மொத்தமா வந்து சேருது."

"மெல்ல, கண்ணு, மெல்ல" என்றார் மித்ரிக், கண்ணில் நீர் வழிய. ஸம்ஹா நான்கு வண்டிகளைத் தாண்டியது. வெள்ளை வண்டியைத் தாண்டியது. கடைசி வளைவில் ரீமாவையும், அதற்கு முன்னால் போன எல்லாவற்றையும் தாண்டி, யாரோ துரத்துவதுபோல் கோட்டைக் கடந்தது. ரீமா பதினேழாவதாக வந்து சேர்ந்தது.

மித்ரிக் ஸம்ஹாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் நெற்றியில் குங்குமப்பூக் குழம்பைப் பூசினார். பாதி அவருடைய வெள்ளை அங்கியிலேயே போனது. மஜ்லிஸில் அன்றைக்கு இருந்த பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். மித்ரிக் கிசுகிசுப்பதைக் கேட்க அவர்கள் குனிய வேண்டியிருந்தது.

"எல்லாம் மனசுதான்பா. நான் வளத்த பிள்ளை அது. உலகத்துல யார் சத்தம் போட்டாலும் அசையாது. என் குரலைத் தவிர வேற குரல் அதுக்குத் தெரியாது."

பதினொரு பேரும் தலையாட்டினார்கள்.

களத்தின் மறுகோடியில் வெள்ளை வண்டிக்குள் ஃபைஹான் டாஷ்போர்டில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கிடந்தான். சிறிது நேரம் கழித்து நிமிர்ந்து, தூரத்தில் நின்ற ரீமாவை வெறித்துப் பார்த்து, ரிமோட்டை வாயருகே கொண்டுபோனான். இங்கே ஸம்ஹாவின் முதுகிலிருந்த ரோபோ கரகரவென்று செருமியது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஃபைஹானின் கம்மிப்போன குரலில் அது சொன்னது:

"ஏண்டி ரீமா, தொண்டை கிழியக் கத்தினேனே, ஒரு வார்த்தைகூடவா உன் காதுல விழல?"