மழைப்போத்தலும் ஆறு மெழுகுதிரிகளும்

வன்னியில் வெண்பனி பெய்கிறது என்று நாலு பேர் முன்னால் அடித்துச் சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரோடு ஒரே கந்தோரில், ஒரு சின்ன அரசாங்க அலுவலகத்தில், நான் நான்கு வருடம் காலந்தள்ளினேன்.

அவருடைய சொந்தப் பெயர் அரசாங்கத்துக்குத் தெரியும். புதுக்குடியிருப்புக்கு அவர் மழைப்போத்தல். கந்தோர் வளவில் மழை அளக்கும் கருவி ஒன்று நின்றது. மேலே புனல், கீழே போத்தல். தினமும் காலை எட்டரைக்கு அந்தப் போத்தலில் சேர்ந்ததை அளந்து கொப்பியில் எழுதுவது அவருடைய வேலை. ஆவணியில் குளம் வெடித்துக் கிடக்கும்போதும் எட்டரைக்குப் போவார். வெறும் போத்தலைக் குனிந்து பார்ப்பார். “இல்லை” என்று எழுதிவிட்டு, பெரிய காரியம் ஒன்றை முடித்தவர் மாதிரித் துவாயால் முகம் துடைப்பார்.

அந்த நாட்களில் நாங்கள் வானத்தைப் பார்ப்பது குண்டுபோட கிபிர் விமானம் வருகிறதா என்று அறியத்தான். அவர் பார்த்ததோ முகில். ஒருநாள் சந்தைக்கு நடுவில் சைக்கிளை நிறுத்தி, வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றார். அவ்வளவுதான். மீன் விற்றவர், மரக்கறி விற்றவர், வாங்க வந்த சனம், எல்லோரும் பங்கர் குழிக்குள். கால் மணித்தியாலம் கழித்து ஒருவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“அண்ணை, போயிட்டுதோ?”

“எங்க போறது? மேல ஸ்நோ கொட்டிக்கொண்டிருக்கு. இஞ்ச வந்து சேரேக்க தண்ணியாப் போகுது.”

அன்றைக்கு அவருக்கு அடி விழாதது சந்தையின் பெருந்தன்மை.

ஆனால் அவர் விளக்கத் தொடங்கினால் சிரித்தவனும் நின்று கேட்பான். “இடிமுகிலின்ர உச்சியில கடுங்குளிர். அங்க ஆவி தண்ணியாகாமல் நேரா ஐஸ்பூவாகுது. ஆறு கை இருக்கும். கீழ வாற வழியில எங்கட சூட்டுக்குக் கரைஞ்சிடும். எங்கட இடிமழையில கனக்க அப்பிடிப் பிறந்ததுதான்.”

“நீங்கள் கண்டனீங்களோ அண்ணை?”

“நான் பிறந்ததையும்தான் நான் காணேல்லை. பிறக்கேல்லையோ?”

எங்கள் கந்தோரில் தேத்தண்ணி போட்டவர் திரேசக்கா. முல்லைத்தீவுக் கரையில் கடலோடு வாழ்ந்து, இடம்பெயர்ந்து வந்தவர். ஒரே மகன் அன்ரன் கனடாவில். நாலு மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. கடிதம் வந்தால் மாதாவுக்குக் கொளுத்துவதென்று ஆறு மெழுகுதிரி நேர்ந்து வைத்திருந்தார். பொருளாதாரத் தடையால் மெழுகுதிரி குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது.

ஒரு மாசியில் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். ஐஸ் மழை பெய்ததாம். வானத்திலிருந்து தண்ணீராகத்தான் விழுந்ததாம். விழுந்த இடத்தில் கண்ணாடி ஆகிவிட்டதாம். அதில் வழுக்கி வலது கை இரண்டு இடத்தில் முறிந்து, இன்னும் பேனை பிடிக்க முடியவில்லையாம். இதை எழுதுவது கூட்டாளியாம்.

“மடியுங்கோ தம்பி,” என்றார் திரேசக்கா. “தண்ணியா விழுந்து நிலத்தில ஐஸாகிறதோ? கடலோட கிடந்தவளுக்கு மழை காட்டுறானோ? தேப்பன்ர வாய். அந்தாள் கடலுக்குப் போகாமல் குடிச்சுப்போட்டு வந்து ‘காத்து மாறிப்போச்சு’ எண்டுறது. இவன் மழையெண்டுறான். எழுத்தும் அவன்ர இல்லை. நான் பதில் போடன்.”

பிறகு குசினிக்குள் போய்விட்டார். அன்றைய தேத்தண்ணியை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

மழைப்போத்தல் துடித்துப்போனார். “அக்கா, பிள்ளை சொன்னதில ஒரு சொல்லும் பிழையில்லை. மேல ஸ்நோ. நடுவில சூட்டுக் காத்து, அதுக்குள்ள கரைஞ்சு மழையாகுது. நிலத்தோட ஒட்டி மெல்லிசாக் குளிர்காத்து. அதுக்குள்ள விறைக்க நேரம் காணாது, தண்ணியாவே வந்து தொட்ட உடன விறைக்கும். அந்தக் குளிர்காத்து தடிப்பா இருந்தா வழியிலேயே விறைச்சு மணிமணியாக் கொட்டும். நடுவில சூடே இல்லாட்டி பூவாவே வந்து இறங்கும்.”

“காட்டுங்கோ பாப்பம்.”

“காட்டுறன். அந்த மெழுகுதிரியளைத் தாங்கோ.”

திரேசக்கா அவரை முழுசிப் பார்த்தார். கடைசியில் மூன்றை எடுத்து வந்தார். “பொய்யெண்டால் இனி உங்களுக்கு இஞ்ச தேத்தண்ணி இல்லை.”

மதியம், முற்றத்தில் ஒரு தகரம். வெறும் பால்ரின் பேணியில் மெழுகை உருக்கி மழைப்போத்தல் சொட்டுச் சொட்டாக விட்டார். வெயிலில் கொதித்த தகரத்தில் மெழுகு நல்லெண்ணெய் மாதிரி ஓடி மண்ணில் வடிந்தது. கந்தோர் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

“கண்ணாடி எங்க?” என்று கேட்ட திரேசக்கா, மழைப்போத்தலின் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முன்னம் நம்பிக்கை இல்லாமல் இருந்தவர், இப்போது மகன் பொய்யன் என்பதற்குச் சாட்சியும் கிடைத்தவர் போல இருந்தார்.

மழைப்போத்தல் தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று தொடையில் தட்டினார். “நிலம் குளிரேல்லை! நான் பெய்வித்தது வெறும் மழை!”

மறுநாள் விடிய, இரவு முழுக்கக் கிணற்றுத் தண்ணீரில் கிடந்த தகரத்தைத் துடைத்து வைத்துவிட்டுக் குசினி வாசலில் போய் நின்றார். திரேசக்கா மிச்ச மூன்று திரியையும் எடுத்துச் சீலைத் தலைப்பால் துடைத்தார். “இது அவனுக்கெண்டு வைச்சது,” என்றார்.

“ஓம் அக்கா. அவனுக்காகத்தான் கேக்கிறன்.”

திரிகள் கைமாறின. உருகிய மெழுகின் முதல் சொட்டு தண்ணீர் மாதிரி விழுந்தது. தகரத்தைத் தொட்டது. வெளிறியது. ஒட்டிக்கொண்டது. சொட்டோடு சொட்டுச் சேர்ந்து, தகரம் முழுவதும் மழமழவென்று தோல் கட்டியது. திரேசக்கா விரலை வைத்துப் பார்த்தார். விரல் வழுக்கியது.

மழைப்போத்தலுக்கு அது போதவில்லை. மெழுகைத் திரும்பச் சூடாக்கி, பேணியோடும் ஈர்க்குக் கட்டோடும் தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் ஏறி, உச்சியிலிருந்து தெளித்தார். சின்னத் துளிகள் வரும் வழியிலேயே இறுகி, தகரத்தில் டிக் டிக் என்று விழுந்து உருண்டன. “இது மணி! இது மணி!” என்று மேலே நின்று கத்தினார். நாங்கள் எல்லோரும் அண்ணாந்தோம். நாங்கள் அண்ணாந்ததைக் கண்ட தெரு பங்கருக்குள் பாய்ந்தது.

திரேசக்கா மட்டும் அசையவில்லை. குனிந்து அந்த மெழுகைத் தடவியபடி, “இதிலயோ விழுந்தவன் என்ர பிள்ளை,” என்று அழுதார். “கை எப்பிடி நொந்திருக்கும்.”

அன்றைக்கே பதில் எழுதினோம். திரேசக்கா சொல்லச் சொல்ல மூன்று பக்கம் வந்தது. கடைசியில் மழைப்போத்தல் கெஞ்சிக் கேட்டு ஒரு வரி சேர்த்தார்: “தம்பி, அந்த மழை விழேக்க நிலத்தில எத்தினை டிகிரி எண்டு எழுதவும்.” தகரத்தில் இருந்த மெழுகைச் சுரண்டி, ஒரு கட்டைத் திரி வார்த்து, மாதாவிடம் கொளுத்தினார் திரேசக்கா. கோப்பையும் திரும்பி வந்தது.

சித்திரையில் ஒரு பின்னேரம் இடியோடு பெருமழை. திரேசக்கா தேத்தண்ணியை அடுப்பில் விட்டுவிட்டு முற்றத்தில் இறங்கிக் கையை நீட்டினார்.

“அண்ணை, இதுவும் மேல ஸ்நோவாத்தானே இருந்தது?”

“கனக்க அப்பிடித்தான் அக்கா.”

“அப்ப அவனுக்கு விழுகிறதுதான் எனக்கும் விழுகுது,” என்றார், நனைந்தபடி.

அளக்கும் போத்தலை மறந்து மழைப்போத்தலும் மழைக்குள் போய் நின்றார். நானும் போனேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பயமில்லாமல் வானத்தைப் பார்த்தேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.