பூசணிக்கு எடை கூடிய அற்புதம்

வாயில்லா ஜீவன்கள் பேசுவதில்லை என்று யார் சொன்னது? பேசுகின்றன. நமக்குத்தான் கேட்கிற காது இல்லை. அந்தக் காது உலகத்திலேயே ஒரே ஒருவருக்கு இருந்தது. அவர் பெயர் வாய்மொழியார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது எங்கோ ஒரு பழைய வழக்கில் மாட்டிக்கொண்டதால் அவர் அதை வெளியே எடுப்பதில்லை.

விடுமுறை நாளில் அவருடைய கூடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். முன்பு கட்டில் பீரோ விற்ற கடை அது. படுக்க வந்த கூட்டம் போய் விழ வந்த கூட்டம் சேர்ந்திருந்தது. வரிசை படியிறங்கி, சலவைக்கடையைத் தாண்டி, தெரு முனை வரை நின்றது. தும்முகிற பூனை, இறகு கொட்டிய கிளி, ஓட்டுக்குள் போனது போனதுதான் என்று இருந்துவிட்ட ஆமை. ஒவ்வொன்றின் பின்னாலும் கண்கலங்கிய ஒரு மனிதர். நோய் என்னவோ பிராணிக்கு. வைத்தியம் முழுக்க மனிதருக்கு.

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. நோயாளி கறுப்புத் துணிப்பைக்குள் வர வேண்டும். பையின் வாயைக் கட்டிவிட வேண்டும். கூடத்தை விட்டு வெளியே போகும்வரை திறக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் அருள் அலை கலைந்துவிடுமாம். பை வாசலிலேயே கிடைக்கும். இலவசமாக அல்ல.

உள்ளே தரை வரை தொங்கும் விரிப்புப் போட்ட மேஜை. அதன்மேல் சிவப்பு எண் எரியும் மின்தராசு. அதற்குப் பின்னால் வாய்மொழியார். வெள்ளைச் சட்டை, மூடிய கண், எப்போதும் வெறுங்கால். பூமியோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக அவர் செருப்பே போடுவதில்லை என்று பக்தர்கள் உருகுவார்கள். அவர் பையைத் தராசில் வைப்பார். எண்ணைப் படிப்பார். இரண்டு கையையும் பைக்கு மேலே, தொடாமல், குளிர்காய்கிறவர் போலப் பிடிப்பார். பிராணி சொல்வதைக் கேட்டுச் சொல்வார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு எண் மெதுவாக ஏறும். இளைத்த பிராணி கண்ணெதிரே எடை போடும். கூடம் கைதட்டும். உண்டியல் சத்தம் போடும்.

இந்தக் கூட்டத்தில்தான் நம் பல் டாக்டரும் இருந்தார்.

பல் டாக்டர் படித்தவர். சுவரில் சட்டம் போட்டு மாட்டுகிற அளவுக்குப் படித்தவர். ஒரு நோயாளி பல்வலிக்குக் கிராம்பை அடக்கிக்கொண்டு வந்தால், "படிச்சவங்க பண்ற வேலையா இது?" என்று அரைமணி நேரம் அறிவுரை சொல்வார். வாயைத் திறந்து வைத்திருக்கிற மனிதரால் பதில் சொல்ல முடியாது என்பது அவருக்கு வசதி.

அவருடைய உயிர் ஒரு கினிப்பன்றி, முயலைப் போலப் புல் தின்கிற கையடக்கப் பிராணி. பூசணி என்று செல்லப் பெயர். ஒரு காலத்தில் பெயருக்குத் தகுந்தபடி உருண்டு திரண்டு, சாயங்காலம் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே விசிலடித்து அவரை வரவேற்கும். வீட்டில் அப்படி வரவேற்கிற ஆள் வேறு யாரும் இல்லை. அந்தப் பூசணி இப்போது இளைத்து, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிற அளவுக்கு வந்துவிட்டது. புல்லை வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். தாடை ஈரமாகவே இருக்கும். பசி இருக்கிறது, சாப்பிட முடியவில்லை. மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து டாக்டர் அழுதார். உண்மையாகவே அழுதார். இதில் கேலி இல்லை.

அழுதவர் நேராகக் கால்நடை மருத்துவரிடம் போயிருக்கலாம். ஆனால் மயக்க மருந்து கொடுத்தால் இவ்வளவு சின்ன உயிர் தாங்குமா என்று பயந்தார். பயந்தவனுக்கு வழி சொல்ல ஊரில் பத்துப் பேர் தயாராக இருப்பார்கள். பத்துப் பேரும் வாய்மொழியாரின் வாசலைத்தான் காட்டினார்கள்.

முதல் நாளே வாய்மொழியார் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். உடம்பில் ஒன்றுமில்லை, மனசில்தான் காயம். வீட்டில் ஒரு பெண்ணின் கோபம் இந்தப் பிஞ்சு ஜீவனை அரித்துத் தின்கிறது. புல் சூடு, நிறுத்திவிட வேண்டும். கூடத்தில் விற்கும் அருள் உருண்டையை நீரில் கரைத்து நாக்கில் தடவினால் போதும். முக்கியமாக, வாயை யாரும் தொடக் கூடாது. அது ஜீவனின் வாசல். இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது பூசணியின் எடை ஒரு கைப்பிடி ஏறியிருந்தது. டாக்டர் மேஜை விரிப்புக்கு முன்னால் அவர் காலை நோக்கி விழுந்தார். விழுந்த இடம் சரியான இடம்தான். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கோபக்காரப் பெண் என்று குறிப்பிடப்பட்டவர் டாக்டரின் மனைவி. காப்பீட்டு நிறுவனத்தில் நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற வேலை. கடை எரிந்துவிட்டது என்று ஒருவர் அழுதுகொண்டே வந்தால், அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எரிவதற்கு முந்தின வாரம் சரக்கெல்லாம் எந்த லாரியில் போனது என்று விசாரிக்கிறவர். அழுகைக்கு மரியாதை தனி, கணக்குத் தனி என்பது அவர் கொள்கை.

அவர் வீட்டுச் சமையலறைத் தராசில் பூசணியை நிறுத்துப் பார்த்தார். ஏறவில்லை. போன வாரத்தைவிட இறங்கியிருந்தது. கணவரிடம் காட்டினார். கணவர் அதை வாய்மொழியாரிடம் போய்ச் சொன்னார். மாவு நிறுக்கிற தராசில் ஆன்மாவை நிறுக்க முடியாது என்று பதில் வந்தது. அதையும் டாக்டர் பயபக்தியோடு வீட்டுக்குக் கொண்டு வந்து மனைவியிடம் ஒப்படைத்தார்.

"சரி, அவர் தராசுல மட்டும் ஏன் ஏறுது?" என்றார் மனைவி.

"அங்க அருள் இருக்கு."

"அருள் வீடு வரைக்கும் வராதா? வழியிலயே இறங்கிடுமா?"

"உன் கோபம்தான் இறக்கிடுது" என்றார் டாக்டர். சொன்ன பிறகு கொஞ்சம் பயந்துபோனார். மனைவி கோபப்படவில்லை. பூசணியின் முதுகைத் தடவிப் பார்த்தார். புல் தின்கிற பிராணிக்குப் புல்லை நிறுத்தியிருக்கிறார்கள். இது இன்னும் சில நாள்தான் தாங்கும் என்று அவருக்குப் பட்டது. வாதம் பண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்காத மனுஷன், தன் கண் சொல்வதையாவது கேட்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்தார்.

அடுத்த விடுமுறை நாள் காலையில் டாக்டர் சவரம் செய்துகொண்டிருந்தபோது, மனைவி கறுப்புப் பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தார். தானும் கூட வருவதாகச் சொன்னார். டாக்டர் பையைத் தூக்கினார். முகம் மலர்ந்துவிட்டது.

"கனக்குது. நீயே தூக்கிப் பாரு, நல்லாக் கனக்குது. நான் சொன்னேன்ல?"

மனைவி தூக்கிப் பார்த்து, ஆமாம், நன்றாகவே கனக்கிறது என்று ஒப்புக்கொண்டார். வழியெல்லாம் டாக்டர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்சினார். "இன்னும் கொஞ்ச தூரம்தான்டா தங்கம். பயப்படாதே, அப்பா இருக்கேன்." பை பயப்படவில்லை. அசையக்கூட இல்லை. அருளில் ஆழ்ந்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார்.

கூடத்தில் அவர்கள் முறை வந்தது. வாய்மொழியார் பையைத் தராசில் வைத்து எண்ணைப் பார்த்தார். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. போன தடவை இருந்ததுபோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தன் அற்புதத்தைக் கண்டு மனிதர் தானே ஒரு நொடி மிரண்டுவிட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு, உருண்டையின் மகிமையைப் பார்த்தீர்களா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் பார்த்தது. கைதட்டியது.

அவர் கண்ணை மூடினார். கைகளை விரித்தார். "பேசுறா" என்றார் மெல்ல. "குழந்தை பேசுறா. 'அம்மா கோபம் தணிஞ்சிருக்கு. இப்பத்தான் எனக்கு வயித்துல பசி எடுக்குது. நேத்து ராத்திரி அம்மா என் தலையைத் தடவினாங்க'ன்னு சொல்றா."

சிவப்பு எண் ஏறத் தொடங்கியது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் கிளியோடு உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

"இன்னும் என்ன சொல்றா?" என்று கேட்டார் மனைவி.

"பல்லு வலிக்குதா, வயிறு வலிக்குதான்னு கேட்டேன். இல்லையாம். எல்லாம் சுகமாம்."

"அப்படியா" என்று எழுந்து வந்த மனைவி, யாரும் தடுப்பதற்குள் பையின் முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு கிலோ சர்க்கரை. கடையில் வாங்கிய பாக்கெட், இன்னும் பிரிக்கப்படாதது.

டாக்டர் சர்க்கரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடியும் சர்க்கரையைப் பார்த்தார். காலையிலிருந்து அதைத்தான் தங்கமே என்று கொஞ்சிக்கொண்டு வந்திருக்கிறார். கடைசியில் பூசணி எங்கே என்று மட்டும் கேட்டார். விடிந்ததும், அவர் எழுந்திருப்பதற்கு முன்பே, விலங்கு டாக்டரிடம் விட்டுவிட்டு வந்ததாக மனைவி சொன்னார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். அப்படி நினைத்தால் நம் மக்களை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். நீதிபதி எழுந்தார். தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய். சர்க்கரை கரும்பிலிருந்து வருகிறது, கரும்புக்கு உயிர் உண்டு, ஆகவே சர்க்கரை பேசியதில் முரண்பாடு ஏதும் இல்லை என்றார். பாதிக் கூட்டம் ஆமாம் போட்டது. வாய்மொழியார் முகத்தில் களை திரும்பியது. சர்க்கரை தலையை யார் தடவினார்கள், அதற்குத் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

மனைவி வாதாடவில்லை. "சரிங்க, சர்க்கரைக்கும் எடை கூடட்டும். ஐயா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து, அந்தச் சுவர்கிட்ட நின்னு அருள் கொடுக்கட்டும். காத்துல வர்ற அருள்தானே, நாலு எட்டு தள்ளி வராதா?"

நியாயமான வேண்டுகோள். கூட்டத்துக்கே அதைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. வாய்மொழியார் இன்றைக்கு அலை சரியில்லை என்றார். கெட்ட எண்ணம் கொண்டவர்கள் நடுவில் அருள் இறங்காது என்றார். உட்கார்ந்த இடத்தை விட்டு மட்டும் அசையவில்லை. அப்போது எழுந்தவர் பல் டாக்டர். அவர் மேஜை விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அவருக்குள் அவ்வளவு வேகம் இருந்தது அவருக்கே தெரியாது.

தராசுத் தட்டின் அடியில் ஒரு தூண்டில் நரம்பு கட்டியிருந்தது. அது மேஜையில் துளைத்த ஓட்டை வழியாகக் கீழே இறங்கி, ஒரு வளையத்தில் முடிந்தது. வளையம் வாய்மொழியாரின் வலது கால் கட்டைவிரலில் மாட்டியிருந்தது. விரலை மடக்கினால் தட்டு கீழே இழுபடும், எண் ஏறும். அருள் கைவழியாக வரவில்லை, கால்வழியாக வந்தது. இத்தனை நாள் மக்கள் விழுந்து கும்பிட்டதும் அந்தக் காலில்தான். அந்த மட்டில் அவர்கள் பக்தியில் பிழை சொல்ல முடியாது.

வாய்மொழியார் ஓடப் பார்த்தார். வளையம் விடவில்லை. தராசும் மேஜையும் கூடவே வந்தன.

பல் டாக்டர் அந்தக் கூத்தைப் பார்க்க நிற்கவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு விலங்கு டாக்டர் இருந்த இடத்துக்கு ஓடினார். அந்தப் பெண் டாக்டர் பூசணிக்கு நீர் ஏற்றி, மயக்க மருந்து கொடுத்து, சின்ன விளக்கை வாய்க்குள் காட்டி, இவரைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கினிப்பன்றியின் கடைவாய்ப் பல் ஆயுசு முழுக்க வளரும், புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும் என்றார். ஏதோ காரணத்தால் கோணலாகத் தேய்ந்து நீண்ட பல், புல்லையும் நிறுத்திய பிறகு இரண்டு பக்கமும் வளர்ந்து நாக்கின் மேல் பாலம் போட்டிருந்தது. நாக்கை அசைக்க முடியாத பிராணி எதை விழுங்கும்?

தினமும் ஊர் வாயையெல்லாம் திறந்து பார்க்கிற மனிதர் அந்தச் சின்ன வாய்க்குள் பார்த்துக்கொண்டே நின்றார்.

"முன்பல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "அதோட விட்டுட்டேன்."

மனைவி பூசணியின் முதுகைத் தடவிக் கொடுத்தார். சொல்லிக்காட்ட அதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது என்று தெரிந்தும் சொல்லவில்லை.

பல்லைத் தேய்த்துச் சரிசெய்தார்கள். பிழைக்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் பெண் டாக்டர். அதன்பின் பல் டாக்டர் தன் மருத்துவமனையைச் சில நாளைக்கு மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். புல்மாவைக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்தார். எண் இறங்காமல் நின்ற நாளில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு மத்தியானம் பூசணி தானாகவே ஒரு குடைமிளகாய்த் துண்டை இழுத்துக் கடித்தது. நறநற என்று சத்தம் கேட்டது. டாக்டர் மறுபடி அழுதார். இந்த முறை மனைவியும்.

கூடம் இப்போது பூட்டிக் கிடக்கிறது. வாய்மொழியார் வேறு ஊரில் வேறு பெயரில், இந்தத் தடவை செடிகொடிகளோடு பேசுவதாகக் கேள்வி. நீதிபதி அந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். பூசணி அந்தப் பைக்குள்ளேயே செத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அது முக்தி அடைந்துவிட்டது என்று வாய்மொழியார் சொல்லியிருப்பார். நாம் அதற்கும் உண்டியலில் போட்டிருப்போம். பிழைத்தால் அவர் அருள், செத்தால் நம் விதி. தோற்கவே முடியாத ஆட்டத்தை ஆடுகிறவனிடம், கொஞ்சம் எழுந்து நில்லய்யா என்று சொல்ல வாயில்லாத ஜீவனால் முடியாது. நமக்கு வாய் இருக்கிறது. கொட்டாவி விடவும் ஆமாம் போடவும் மட்டுமா அது?