குளுகோஸ் வைத்தியம்

"முடியாதுன்னா முடியாதுப்பா. சளிக்கு ஆன்டிபயாடிக் கிடையாது."

"காலம் பூரா கொடுத்தவன்கிட்டயே சொல்றியா?"

"அதனாலதான் சொல்றேன்!"

அப்பா போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இருமினார்.

தெருவே அவளைக் குட்டி டாக்டர் என்றுதான் கூப்பிடும். வயது ஐம்பதைத் தொடப்போகிறது, பெயர் மட்டும் வளரவில்லை. மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி. டாக்டர்கள் தேவையில்லாமல் எப்போதெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதுகிறார்கள், கிருமிகள் அதற்கு எப்படிப் பழகிப்போகின்றன என்று அலசுவதுதான் வேலை.

அந்த வேலைக்கான முதல் கோபம் பிறந்தது இதே முன்னறையில். அப்போது இது அப்பாவின் கிளினிக். தும்மினாலும் சிவப்பு கறுப்பு கேப்சூல், விம்மினாலும் சிவப்பு கறுப்பு கேப்சூல். பள்ளிக்கூடம் விட்டதும் நோயாளிகளுக்கு நடுவே பெஞ்சில் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதுவாள். இன்றைக்கும் எங்காவது ஸ்பிரிட் வாசனை வந்தால் அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடுதான் ஞாபகம் வரும்.

அம்மா போனதும் அப்பா கிளினிக்கை மூடிவிட்டார். பெஞ்சு காலியாகக் கிடந்தது. அவளும் ஆராய்ச்சி, கூட்டம், வெளியூர் என்று அலைந்ததில் இந்தப் பக்கம் வருவதே அபூர்வம்.

"நீ தராட்டி போ. மருந்துக் கடைக்காரன் என்னைப் பார்த்தாலே எடுத்துக் கொடுப்பான்."

கொடுப்பான்தான். அவளுக்குப் பகீரென்றது. கல்லூரியில் சோதனைக்கென்று வைத்திருந்த காலி கேப்சூல்களில் சிவப்பு கறுப்பாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். சமையலறையில் ஒளிந்து நின்று குளுகோஸை அடைத்தாள்.

"இதான் மருந்து!" என்று அப்பா விழுங்கினார். ரெண்டே நாளில் எழுந்து உட்கார்ந்தார். அது தானாகப் போயிருக்கும் சளி என்று தெரியும். ஆனால் வாயைத் திறக்க முடியாதே!

அடுத்த ஞாயிறு போன் வந்தது.

"டெய்லருக்குத் தொண்டை கட்டியிருக்கு. மிச்சத்தைக் கொடுத்துட்டேன். இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வா."

"யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"சரி, கடையிலேயே வாங்கிக்கச் சொல்றேன்."

"வேண்டாம், வர்றேன்!"

அதற்கடுத்த ஞாயிறு ரிட்டயர்டு தலைமையாசிரியர். அவருக்குச் சர்க்கரை வியாதி. குளுகோஸ் போனால் வம்பு. சோள மாவுக்கு மாறினாள். மாவு உள்ளே இறங்குவேனா என்று முரண்டு பிடித்தது.

சமையலறை வாசலில் அப்பாவின் தலை தெரிந்தது. "மூக்குல என்ன வெள்ளையா?"

"பவுடர்ப்பா."

"உங்கம்மாவும் இப்படித்தான். அவசரத்துல மூக்குக்கு மட்டும்தான் பவுடர் எட்டும்."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். அன்று சாப்பிட்டு முடித்தும் அவளுக்குக் கிளம்ப மனம் வரவில்லை. அப்பா பழைய நோயாளிகள் ஒவ்வொருவர் மாதிரியும் முனகிக் காட்டினார்.

அதற்கடுத்த ஞாயிறு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெஞ்சு நிறைய ஆட்கள். அவள் சின்ன வயதில் பார்த்த அதே கூட்டம். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் இருமலை எடுத்தார்.

மேடை மேடையாகப் பாதுகாப்பான மருந்தைப் பற்றிப் பேசுகிறவள், ஒரு தெருவுக்கே மாவைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்! இதில் ஒருவருக்கு நிஜமாகவே நிமோனியாவாக இருந்தால்?

ஆணியில் தொங்கிய அப்பாவின் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். ஒவ்வொருவர் முதுகிலும் வைத்து, "மூச்சை இழுங்க, விடுங்க" என்றாள். ஒரு நெஞ்சில்கூடச் சளியில்லை. எல்லாம் பெருக்கித் துடைத்த வீடு மாதிரி இருந்தன.

இதற்கு மேல் மறைக்க அவளால் முடியவில்லை.

"எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க. நான் கொடுத்தது மருந்தே இல்லை. வெறும் மாவு."

இருமல்கள் சட்டென்று நின்றன. அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெய்லர்தான் தொண்டையைச் செருமினார். "அது முதல்லேர்ந்தே தெரியும்மா. நீ வரணும்னு வாரத்துக்கு ஒருத்தரை இருமச் சொன்னதே உங்கப்பாதான், இன்னிக்கு யார் முறைன்னு குழம்பிப்போய் எல்லாருமே வந்துட்டோம்."